சிப்பிப்பாறை நாயின் உயரமும் அங்க லக்ஷணங்களும்

(வள்ளியூர் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கங்களில் ஆடு வளர்ப்பவர்களும் தோட்டம் வைத்திருப்பவர்களும் ஜாதி நாய்க்குட்டி வாங்கவேண்டுமென்று விசாரிப்பது சில காலமாக அதிகரித்து வருகிறது. வடக்கேயுள்ள கரிசற்காட்டு ஊர்களிலிருந்து குட்டிகள் வருகின்றன. விலை பேசும்போது முதலில் எழும் கேள்வி அநேகமாய் ஒன்றே: "எத்தனை அங்குலம் வரும்?" விற்பவரும் சளைப்பதில்லை. "அண்ணாச்சி, தாய் இருபத்தேழு, தகப்பன் முப்பது, குட்டி முப்பதுக்குக் குறையாது" என்று சொல்லி, அங்குலத்துக்கு அங்குலம் விலையை உயர்த்திக்கொண்டு போகிறார். வாங்குபவரும் உயர்ந்த நாயே உயர்ந்த ஜாதி என்று எண்ணிப் பணத்தைக் கொடுத்து விடுகிறார்.

சிப்பிப்பாறை நாய்க்கு முப்பது அங்குலம் என்பது பெருமையன்று. அது சந்தேகத்துக்குரிய அடையாளம். இது ஏனென்பதையும், உயரத்தைச் சரியாக அளப்பது எவ்வாறு என்பதையும், உயரத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய அங்க லக்ஷணங்கள் யாவை என்பதையும் குடியானவ நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஜாதியும் பிறந்த இடமும்

சிப்பிப்பாறை என்பது சாத்தூர்ப் பகுதியிலுள்ள ஒரு கரிசற் கிராமம். இன்று அது விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆயினும் 1910-ஆம் வருஷத்தில் இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்ட வரையில் சாத்தூர்த் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. ஆகவே இந்நாயை நம் ஜில்லாவின் பழஞ்செல்வம் என்று கூறுவதற்கு நமக்கும் பாத்தியதை உண்டு. கோவிற்பட்டி, கழுகுமலை பக்கங்களில் 'கன்னி' என்று வழங்கும் நாயும் இதற்கு நெருங்கிய உறவே. கன்னி நாய் கறுப்பு உடலும், புருவம், மார்பு, கால்கள் ஆகிய இடங்களில் பழுப்பு நிறமும் உடையது. பால் நிறமாயிருப்பதைப் பால்கன்னி என்பர். உருவம் ஒன்றே, நிறமே வேறு என்பார் சிலர். இரண்டும் வெவ்வேறு ஜாதிகளே என்று வாதிப்பவர்களும் உண்டு. இந்த வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை. இரண்டுக்கும் எலும்புக் கட்டு ஒரே மாதிரியானது. கீழே சொல்லப்படுபவை இரண்டுக்கும் பொருந்தும்.

ஆட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தில் மயங்கலாகாது. கரிசற்காட்டில் கன்னி ஆடு என்றொரு வெள்ளாட்டு ஜாதியும் இருக்கிறது. முகத்தில் வெள்ளைக் கோடு உள்ளது பால்கன்னி, செந்நிறக் கோடு உள்ளது செங்கன்னி என்று அதற்கும் பெயர்கள் உண்டு. ஒரே நிலத்து மக்கள் இரு பிராணிகளுக்கும் ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

இந்த நாய்கள் கண்ணால் வேட்டையாடும் வகுப்பைச் சேர்ந்தவை. மோப்பம் பிடித்துச் செல்லும் நாய் மெதுவாகத் தொடர்ந்து, இரை களைத்த பிறகு அதை எட்டும். கண்வேட்டை நாய் இரையைக் கண்டவுடன் பாய்ந்து, ஓட்டத்தினாலேயே அதை மடக்கிவிடும். மரமடர்ந்த காட்டில் இத்தகைய நாயினால் உபயோகமில்லை. வெட்டவெளியான கரிசலிலும் தேரியிலுமே அதற்கு வேலை. அரபு தேசத்துச் சலூகி, சகாரா பாலைவனத்தின் தென் ஓரத்து அசவாக், இங்கிலாந்துக் கிரேஹவுண்ட் முதலியன யாவும் இவ்வகுப்பினவே. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நெடிய கால் ஆகிய அமைப்பு இவை எல்லாவற்றுக்கும் பொது.

முயல் நடத்திய பரீட்சை

முற்காலத்தில் நம் நாட்டார் இந்நாய்களை அளவுகோல் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. முயலே பரீட்சை நடத்திற்று. ஓடி மடக்கிய நாய்க்கு இனம் பெருகியது. பின்தங்கிய நாயை எவரும் ஜோடி சேர்க்கவில்லை. உயரம் குறைந்த நாய்க்கு எட்டு போதாது; உயரம் மிகுந்த நாயால் முயல் சடக்கென்று திரும்பும்போது கூடவே திரும்ப முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவில் தங்கியதே இந்த ஜாதியின் உயரம். அதை விதித்தது எந்தச் சங்கமும் அல்ல, காட்டு முயல்தான்.

பிற தேசங்களிலும் இப்படியே. கலைமானைத் துரத்திய ஸ்காட்லாந்து மான்நாய்க்கு ஆண் 76 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்றும், ஓநாயை எதிர்த்த அயர்லாந்து ஓநாய்வேட்டை நாய்க்கு ஆண் 79 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்றும் நியமம். சிறு முயலைத் துரத்திய விப்பெட் என்னும் நாய்க்கோ 47 முதல் 51 சென்டிமீட்டரே போதுமானது. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பினும், இரைக்குத் தக்கபடி உயரம் மாறியிருக்கிறது.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டை குற்றமாயிற்று, அது நியாயமானதே. இங்கிலாந்திலும் நாயைக் கொண்டு முயல் வேட்டையாடுவதை 2004-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் இதனால் விளைந்த ஒரு விளைவை நாம் கவனிக்கவேண்டும். பரீட்சை நின்றுவிட்டது. இன்று எந்த நாய் இனம் பெருக்க வேண்டும் என்பதை மனிதனுடைய கண்ணும் கையிலுள்ள நாடாவுமே தீர்மானிக்கின்றன. கண் தவறினாலும் நாடா தவறினாலும் திருத்துவதற்கு முயல் இல்லை. ஆகையால் நியமத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் முன்னைக் காட்டிலும் இப்பொழுது அதிகம்.

அங்கீகாரம் பெற்ற வரலாறு

இந்தியக் கென்னல் கிளப் 1896-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. நெடுங்காலம் அயல்நாட்டு நாய்களே அங்கு முதலிடம் பெற்றன. பிறகு உள்நாட்டு ஜாதிகளுக்கும் பதிவு கிடைத்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் அதில் தனித்தனியே பதிவாகின்றன. 2005-ஆம் வருஷத்தில் தபால் இலாகா நான்கு இந்திய நாய் ஜாதிகளுக்கு முத்திரைத் தலைகள் வெளியிட்டபோது இராஜபாளையம் நாய் அவற்றில் இடம் பெற்றது; சிப்பிப்பாறைக்கு இடமில்லை. பின்னர் கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபுவள நிலையம், மாடு, ஆடு, கோழி ஜாதிகளைப் பதிவு செய்வதுபோலவே நாய் ஜாதிகளையும் முதன்முதலாக 2020-ஆம் வருஷத்தையொட்டிப் பதிவு செய்தது. அப்போது பதிவு பெற்றவை மூன்று: இராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல். 2024-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு அரசாங்கம் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும் சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம், கோம்பை ஆகிய நான்கும் காக்கவேண்டியவையாகக் கூறப்பட்டிருக்கின்றன.

பதிவு கிடைத்ததனால் விலை ஏறியது. விலை ஏறியதனால் கலப்பும் ஏறியது.

உயரம்

வளர்ந்த சிப்பிப்பாறை ஆண் நாய்க்கு 25 அங்குலம், அதாவது 63 சென்டிமீட்டரை ஒட்டிய உயரமே வழக்கமான நியமம். கன்னியில் ஆண் ஏறக்குறைய 64 சென்டிமீட்டரும் பெண் ஏறக்குறைய 56 சென்டிமீட்டரும் என்று சொல்லப்படுகிறது. பெண் நாய் ஆணைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருப்பது இயல்பு. அதைக் குறையாகக் கருதலாகாது. ஓர் அங்குலம் கூடுவதும் குறைவதும் எந்த ஜாதியிலும் உண்டு. ஆனால் 28, 30 அங்குலம் என்று சொல்லப்பட்டால் இரண்டில் ஒன்று நிச்சயம்: அளவு பொய், அல்லது இரத்தம் கலப்பு.

முதலில் அளவைப் பார்ப்போம். நாயின் உயரம் என்பது தலை உச்சி வரையில் அல்ல. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோட்பட்டை எலும்புகளின் நுனிகளும் நெருங்கும் மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அதைத் தோள்மேடு என்போம். அம்மேட்டிலிருந்து தரைவரை நேர்க்குத்தாக உள்ள தூரமே உயரம். துணி நாடாவைத் தோளின் வளைவோடு ஒட்டி இறக்கினால் ஓர் அங்குலமோ அதற்கு மேலுமோ கூடுதலாகக் காட்டும்; விற்பவர்கள் அநேகர் அளப்பது இப்படித்தான். மணல் தரையில் பாதம் புதைந்திருந்தால் குறைவாகக் காட்டும். நாயை மோவாயைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினால் ஒரு கணக்கு, தலையைத் தாழ்த்தி நின்றால் வேறு கணக்கு.

சரியான முறை யாதெனில்: சிமெண்டுத் தளத்திலாவது சமமான பலகையின் மேலாவது நாயை நிறுத்துக. முன்கால்கள் இரண்டும் தோளுக்கு நேர்கீழே செங்குத்தாக இருக்கட்டும். தலை இயல்பான உயரத்தில் இருக்கட்டும். ஒரு நேரான கம்பில் அங்குலக் குறியிட்டு, அதன்மேல் ஏறி இறங்கும்படி ஒரு குறுக்குச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டால், எந்தத் தச்சரும் அரை நாளில் செய்து கொடுக்கக்கூடிய உயரக்கோல் ஆயிற்று. சட்டம் தோள்மேட்டை மெல்லத் தொடும்படி இறக்கி அளவைக் குறிக்கவும். நாயைச் சிறிது நடத்தி மறுபடியும் அளக்கவும். மூன்று முறை அளந்து நடு எண்ணைக் கொள்வது நல்லது. ஒரு வயது நிரம்பாத நாயின் உயரத்தை முடிவான உயரமாக எழுதலாகாது. அதன் பிறகு உயரம் அதிகம் கூடுவதில்லை. மார்பும் தசையும் நிரம்ப இன்னும் ஆறு மாதமாவது செல்லும்.

உயரத்தில் பேராசை ஏன் கூடாது?

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 25 அங்குல நாய் அதே வடிவத்தோடு 30 அங்குலமாக வளர்ந்ததாக வைத்துக்கொள்வோம். உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. உடலின் எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடுவதால் நூற்றுக்கு 73 பங்கு கூடிவிடும். ஆனால் அந்த எடையைத் தாங்கவேண்டிய கால் எலும்பின் குறுக்குப் பரப்பு நூற்றுக்கு 44 பங்கே கூடும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் முன்பைவிடப் பாரம் அதிகம். நிற்கும் நாய்க்கு இது தெரியாது. முழு வேகத்தில் ஓடி ஒற்றை முன்காலை ஊன்றித் திரும்பும்போதுதான் மணிக்கட்டும் விரல்களும் இதை உணரும்.

உயர்ந்த குட்டிகள் வருவது எங்கிருந்து? ஆண் 71 முதல் 76 சென்டிமீட்டர் வரை நியமமுள்ள கிரேஹவுண்டைக் கலந்தால் முதல் தலைமுறையிலேயே உயரமும் தசையும் கூடிவிடும். முகத்தைப் பார்த்து அறிவது கஷ்டம். சிலர் கிரேட்டேன் என்னும் பெருநாயையும் கலக்கிறார்கள். அதனால் பிறந்தது உதடு தொங்கி, எலும்பு தடித்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். முதல் தலைமுறைக் கலப்பு செழிப்பாகவே இருக்கும் என்பதைக் கலப்பின மக்காச்சோளம் விதைத்தவர்கள் அறிவார்கள். அந்தச் சோளத்திலிருந்தே விதை எடுத்து மறுபடி விதைத்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று மலடு என்று வயல் சிதறிப்போவதையும் அறிவார்கள். நாயிலும் அதுவே நடக்கும். ஆனால் சோளத்துக்கு விதைக் கம்பெனி இருக்கிறது. மறு வருஷம் புதிய விதை வாங்கிக்கொள்ளலாம். சிப்பிப்பாறைக்கு மூல விதை நம் குடியானவர் வீட்டு முற்றத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. இங்கே கெட்டுவிட்டால் எந்தப் பண்ணையிலிருந்தும் வாங்க முடியாது.

இவ்விஷயத்தில் நம் ஜில்லாவுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பருத்தியோடு புளிச்சை என்னும் மட்டமான பருத்தி கலந்துவிட்டது. புளிச்சைக்கு இழை குட்டை; ஆனால் அரைத்தால் பஞ்சு அதிகம் கிடைக்கும். அரைவையில் கிடைக்கும் எடை ஒன்றையே பார்த்தவர்கள் அதை விரும்பினார்கள். விளைவு, திருநெல்வேலிப் பஞ்சின் பெயரே கெட்டது. விவசாய இலாகா கருங்கண்ணியின் தூய விதையைப் பெருக்கிக் குடியானவர்களுக்கு வழங்கி அந்தக் களங்கத்தைப் போக்கப் பாடுபட்டது. இந்த வேலைகளில் 1901-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கோவிற்பட்டிப் பண்ணைக்கு முக்கிய பங்கு உண்டு. ஒரே ஓர் அளவைப் பார்த்து மற்றவற்றை விட்டுவிட்டால் வருவது இதுதான். பருத்தியில் அந்த அளவு அரைவை, நாயில் அங்குலம்.

உடற்கட்டு

இனி நாயைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்ப்போம். தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையுள்ள நீளம் உயரத்துக்கு ஏறக்குறைய சமமாகவே இருக்கவேண்டும். சிறிது நீண்டிருந்தால் பாதகமில்லை. உடல் மிக நீண்டு கால் குறுகியது கட்டில்போல் தோன்றும்; அதற்கு வேகம் இல்லை. கால் மிக நெடியதாய் உடல் குறுகியது ஓடும்போது பின்கால் முன்காலோடு இடறும். அசவாக் நாய்க்கு உடல் நீளம் ஒன்பது பங்கென்றால் உயரம் பத்துப் பங்கு என்று விகிதத்தாலேயே நியமம் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்குலத்தை மட்டும் சொல்லாமல் விகிதத்தைச் சொல்வது புத்திசாலித்தனமான ஏற்பாடு. நம் நாய்க்கும் அவ்வாறு பார்க்கப் பழகவேண்டும்.

மார்பு ஆழமாக முன்கால் முழங்கை மட்டம் வரையில் இறங்கவேண்டும். இருதயமும் சுவாசப்பையும் தங்கும் இடம் அது. ஆனால் பீப்பாய்போல் அகன்றால் தோட்பட்டை முன்னும் பின்னும் வீசுவதற்குத் தடையாகும். ஆழமும் ஒடுக்கமும் சேர்ந்ததே நல்ல மார்பு. மார்பிலிருந்து வயிறு மேலெழுந்து ஒட்டியிருக்கவேண்டும். முதுகுக்கோடு தோளிலிருந்து நேராக வந்து இடையில் மெல்ல வில்போல் வளைந்து இடுப்பில் இறங்கும். அந்த வளைவு கூன் அன்று. இந்நாய் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இருமுறை பூமியை விட்டு எழுகின்றன: உடல் சுருங்கிக் கால்கள் வயிற்றடியில் கூடும்போது ஒருமுறை, உடல் நீண்டு கால்கள் முன்னும் பின்னும் விரியும்போது ஒருமுறை. குதிரையின் நாலுகாற் பாய்ச்சலில் இது ஒருமுறையே நிகழும். வில் வளைந்து நிமிரும் அந்த வேலையைச் செய்வது இடைப்பகுதி. ஆகையால் இடையைக் கையால் அமுக்கிப் பார்க்கவேண்டும். மெலிந்த நாயிலும் அங்கே தசை கெட்டியாக இருக்கவேண்டும்.

கடைசி இரண்டு மூன்று விலாவெலும்புகளும் இடுப்பெலும்பின் முனைகளும் தோலுக்கடியில் தெரிவது இந்த ஜாதிக்கு இயல்பு. பட்டினி போட்ட நாய் என்று இரக்கப்பட்டு நெய்ச்சோறு ஊட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பு நல்லதே, ஆனால் கொழுத்த சிப்பிப்பாறை ஏர் பூட்டிய பந்தயக் காளையைப்போல் எதற்கும் உதவாது. எல்லா விலாவும் முதுகெலும்பின் கணுக்களும் துருத்தி, தொடையில் தசையின்றி இருந்தால்தான் பட்டினி அல்லது குடற்புழு என்று அறியவேண்டும்.

தலையும் கழுத்தும்: முகம் நீண்டு ஒடுங்கி, நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கும் இடத்தில் பள்ளம் மிகக் குறைவாக இருக்கும். தாடை வலுவாகவும் பற்கள் கத்தரிக்கோல்போல் மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி மூடுவதாகவும் இருத்தல் வேண்டும். உதடு தொங்கலாகாது. கண் கறுத்த நிறம், மூக்கு கறுப்பு. காது மெல்லியதாய் மடிந்து பக்கத்தில் தொங்கும். விழிப்படையும்போது சிறிது எழும்பும், ஓடும்போது பின்னோக்கிப் படியும். கழுத்து நீண்டு தசையோடு தோளில் சரிந்து சேரவேண்டும். கழுத்தடியில் தோல் தொங்குவது பெருநாய்க் கலப்பின் குறி.

வால் நீண்டு மெல்லியதாய், நுனி அரிவாள்போல் வளைந்து, பின்கால் குதியை எட்டவோ தாண்டவோ செய்யும். திரும்பும்போது படகுக்குச் சுக்கான் எப்படியோ அப்படி இது நாய்க்கு உதவும். முதுகின்மேல் வளையமாய்ச் சுருண்டு கிடக்கும் வால் குற்றம். பாதம் நீண்டு, விரல்கள் ஒன்றையொன்று நெருங்கி இருக்கவேண்டும். விரிந்த விரல் கரிசல் வெடிப்பில் சிக்கி ஒடியும். பின்னாலிருந்து பார்த்தால் குதிகள் இரண்டும் இணைகோடாக நிற்கவேண்டும். மாட்டுக் குதிபோல் உள்நோக்கி முட்டுவது ஓட்டத்துக்குக் கேடு.

ரோமம் மிகக் குட்டையாய்ப் பளபளவென்று தோலோடு ஒட்டியிருக்கும். வெயில் நாட்டில் இது வசதி. உண்ணி இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும்.

நிறத்தைப் பற்றி

செவலை, சந்தனம், மயிலை, கறுப்பு ஆகிய நிறங்கள் சிப்பிப்பாறையில் காணப்படுகின்றன. மார்பிலோ விரல்களிலோ சிறிது வெள்ளை இருந்தால் தவறில்லை. நிறத்தைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுவது வீண்வேலை என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஓர் அண்டை உதாரணம் உண்டு. இராஜபாளையம் நாயில் பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமே சிறப்பென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நிறம் தரும் உயிரணுக்களே உட்செவியின் வேலைக்கும் அவசியமானவை. அவை குறையக் குறைய, பிறவியிலேயே செவிடான குட்டிகள் அந்த ஜாதியில் பிறக்கலாயின. இது கால்நடை வைத்தியர்கள் நன்கறிந்த குறை. காவலுக்கென்று வாங்கிய அழகான வெள்ளை நாய் கதவு தட்டும் ஓசையைக் கேளாமல் உறங்கினால் அந்த நிறத்தால் என்ன லாபம்? குட்டி வாங்கும்போது, அதன் கண்ணுக்குப் படாமல் பின்னாலிருந்து கை தட்டிப் பார்ப்பது எந்த ஜாதியானாலும் நல்ல வழக்கம்.

ஜோடி சேர்த்தல்

நியமத்துக்கு ஒத்த நாய்கள் ஓர் ஊரில் சிலவே இருப்பதால் தகப்பனுக்கு மகளையும் அண்ணனுக்குத் தங்கையையும் சேர்த்துவிடுகிறார்கள். உருவம் மாறாது என்பது உண்மையே. ஆனால் உடன்பிறந்தவற்றின் சேர்க்கையில் பிறக்கும் குட்டிக்கு, எந்த ஒரு மரபுக்கூறும் ஒரே மூதாதையிடமிருந்து இரு வழியாகவும் வந்து கூடுவதற்கு நாலில் ஒன்று வாய்ப்புண்டு. மறைந்திருக்கும் பலவீனங்கள் இவ்வாறே வெளிப்படும். ஈற்றுக்குக் குட்டிகளின் எண்ணிக்கையும் குறையும். சிப்பிப்பாறைக்குச் சிப்பிப்பாறையே வேண்டும். ஆனால் வேறு ஊர், வேறு வழி. கழுகுமலைப் பக்கத்து ஆணுக்கு நம் பக்கத்துப் பெண்ணைச் சேர்ப்பதில் பஸ் சத்தம் தவிர வேறு நஷ்டம் இல்லை.

2017-ஆம் வருஷத்து நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டிகளை விற்பனைக்காகப் பெருக்குகிறவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் நிரம்பியிருக்கவேண்டும். அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் சேர்க்கக்கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேற்படக்கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. சட்டம் என்பதற்காக மட்டுமல்ல, தாயின் உடம்பு தேறுவதற்கும் இவை தகுந்த வரம்புகளே.

வளரும் குட்டிக்குக் கம்பு, சோளக் கஞ்சியோடு மோர், முட்டை, மாமிசம் ஆகியவற்றில் கிடைத்ததைச் சேர்க்கலாம். உயரம் ஏறவேண்டுமென்று சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பது தவறு. வேகமாய் வளரும் பெருநாய்க் குட்டிகளுக்கு அது மிகுந்தால் எலும்பு கோணும். உயரம் தாய் தகப்பன் வழியில் வருவது. தீனியால் அதைக் கெடுக்கலாமே யன்றி, உள்ளதற்கு மேல் ஏற்ற முடியாது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பின் வருஷந்தோறும் தவறாமல். இன்னொன்று: ஆபரேஷன் தேவைப்பட்டால் இது கண்வேட்டை ஜாதி நாய் என்பதை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லவேண்டும். கொழுப்பில்லாத இவ்வகை நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து மெதுவாகவே தெளிகின்றன; கிரேஹவுண்டில் இது நன்கு நிரூபணமானது. இராமையன்பட்டிக் கால்நடை வைத்தியக் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

ஓட்டிப் பார்த்தல்

முயல் இல்லாவிடினும் ஓட்டத்தைப் பரீட்சிக்கலாம். பிற தேசங்களில் துணிச்சுருளை யந்திரக் கயிற்றில் கட்டி வளைந்து வளைந்து இழுத்து, அதைத் துரத்தவிட்டு நாய்களை மதிப்பிடுகிறார்கள். நமக்கு யந்திரம் வேண்டியதில்லை. கோடையில் நீர் வற்றிய குளத்துக்குள், சூரியன் ஏறுமுன், நீண்ட கயிற்றின் நுனியில் துணியைக் கட்டி ஒருவர் சைக்கிளில் இழுத்துச் செல்ல, 200 கஜம் ஓடவிட்டால் போதும். கால் தத்துகிறதா, திருப்பத்தில் பின்புறம் சறுக்குகிறதா, நின்றபின் மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கவனிக்கவும். 26 அங்குல நாய் ஒன்று அழகாகத் திரும்புவதையும், 29 அங்குலமென்று பெருமையாய்க் கொண்டுவந்த நாய் இரண்டாம் திருப்பத்திலேயே நொண்டி நின்றதையும் ஒரே காலையில் கண்டால் இவ்வியாசத்தில் பாதியை எழுதவேண்டிய அவசியமே இராது. வெயிலில் ஓட்டினால் உஷ்ணம் தலைக்கேறி நாய் மாண்டுபோகலாம். களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கத்துக் காட்டோரங்களில் மட்டும் அவிழ்த்துவிடலாகாது. அது 1988-ஆம் வருஷம் முதல் புலிகள் காப்பகம். மானைக் கண்டால் இந்த ஜாதி நாய் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. வழக்கு உரிமையாளர்மேல்தான் வரும்.

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம் வீதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்க: பிறந்த தேதி, தாய் தகப்பன், அவற்றின் ஊர், 3, 6, 12, 18 மாதங்களில் உயரம், உடல் நீளம், மார்புச் சுற்றளவு, எடை, காது கேட்கும் விவரம், ஓட்டிப் பார்த்த முடிவு. குட்டி வாங்க வருபவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுக. வாங்குபவரும் இதைக் கேட்டு வாங்குக. அங்குலத்தை வாயால் சொல்லி இந்தப் பக்கத்தைக் காட்டாதவரிடம் பேரத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

நியமத்துக்கு ஒவ்வாத குட்டிகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். வேண்டாதவற்றைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் பழைய வழக்கம் 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சுருண்ட வாலும் 28 அங்குலமும் உள்ள நாய் இனவிருத்திக்குத்தான் ஆகாது. தோட்டத்துக் காவலுக்கு அது நன்றாகவே குரைக்கும். அதற்குக் கருத்தடை செய்து, ஜாதிப் பெயர் சொல்லாமல், வாழைக்கும் ஆட்டுக்கிடைக்கும் காவல் தேடும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.